கங்காணி கொடுத்த வாக்கு

கோட்டுக்குள் வலது கை போகவே இல்லை. உடம்பு விறைத்துவிட்டது. சென்னம்மாள் புருஷனின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதே வளைந்து கொடுக்காத மனுஷன், இப்போதா கொடுக்கப்போகிறார் என்று விட்டுவிட்டாள். கோட்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது மகன் அருணாசலத்தின் பிடிவாதம். கடைசியில் முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து, மேலே போர்த்திவிட்டார்கள். முன்னால் பார்த்தால் துரை, பின்னால் ஒன்றுமில்லை. அவருக்கு அதுதான் சரி என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் புருஷன் காளியண்ணன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிப் போகிற கங்காணி. வருஷத்துக்கு ஒரு தடவை கொல்லிமலைக்கு ஏறி வருவார். வளப்பூர் நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் நாலைந்து குடும்பங்களைக் கிளப்பிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவார். கடற்கரையில் மண்டபம் முகாமில் அவர்களுக்கு ஊசி போட்டுக் கப்பலேற்றுவார்கள். இந்த வருஷத்துக்கும் ஆள் சேர்ந்தாயிற்று, வெள்ளிக்கிழமை இறங்க வேண்டியது. அதற்குள் மார்வலி வந்து நேற்றுச் சாயங்காலம் முடிந்துபோனார்.

கூலியைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவார். தாய் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே பிள்ளைக் காம்பரா உண்டு, தொட்டிலாட்ட ஆயா உண்டு, வளர்ந்தால் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம், சிலேட்டு, வாத்தியார். சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அடுப்படியிலிருந்து சென்னம்மாளும் கேட்பாள். அந்தத் தோட்டத்தில் பல வருஷம் இருந்தவள் அவள். காம்பரா என்பது ஒரு தகரக் கொட்டகை. ஆயா என்பது கண் மங்கிப்போய்க் கொழுந்து பறிக்க லாயக்கில்லாமல் போன ஒரு கிழவி. அழுகிற பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மழை மாதங்களில் காய்ச்சல் வரும். ஒரு பிள்ளை போன தொட்டிலில் அடுத்த பிள்ளையைப் போடுவார்கள். வாத்தியார் கணக்கப்பிள்ளைக்கு எடுபிடி. அந்த வேலை போக மிச்ச நேரத்தில் பாடம். இதையெல்லாம் நடுவில் புகுந்து சொன்னால் என்ன நடக்கும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும்.

வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. கங்காணி எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர் மனசை இவர்கள் எங்கே பார்த்தார்களோ. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சென்னம்மாளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பாடை கட்டி முடிந்ததும், ஊர்க்கவுண்டர் வெள்ளையன் முறைப்படி கேட்டார். இறந்தவரோடு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றார். பிறகு, இடுப்பில் பெண்குழந்தையோடு குப்பாயி முன்னால் வந்தாள். வெள்ளிக்கிழமை புறப்பட இருந்தவர்களில் அவளும் அவள் புருஷன் மாரியும் உண்டு.

"பணங்காசு ஒண்ணுமில்லீங்க. எம் புள்ளையப் பாத்துக்க ஆளு இருக்குது, படிக்க வெப்பேன்னு வாக்குக் குடுத்தாருங்க. இனி அதுக்கு ஆருங்க பொறுப்பு?"

அருணாசலம் எழுந்தான். அப்பன் சொன்னது தான் சொன்ன மாதிரி, தானே கூட்டிப்போகிறேன் என்றான். காம்பரா, ஆயா, சிலேட்டு எல்லாம் வரிசையாக வந்தன. அதே குரல், அதே கையாட்டல். பிணம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அடுத்த கங்காணி கிளம்பிவிட்டான். சனங்கள் நெகிழ்ந்துபோனார்கள். குப்பாயியின் முகம்கூடத் தெளிந்தது. சென்னம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, நீ பொறந்தது அந்தத் தோட்டத்துலதானே. அந்தக் காம்பராவுல உன்ன ஒருநாளாச்சும் போட்டாரா உங்கப்பன்? அந்தப் பள்ளிக்கூடத்துல நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே? சொல்லு கண்ணு."

அருணாசலத்தைத் தோட்டத்தில் ஒரு வேலைக்காரப் பெண் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். படிக்கிற வயசு வந்ததும் அப்பன் அவனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து சேந்தமங்கலத்தில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"நேரமாகுதும்மா," என்றான் அருணாசலம்.

சென்னம்மாள் நிறுத்தவில்லை. கொட்டகை, கிழவி, துணி, காய்ச்சல், காலியான தொட்டில் என்று அவ்வளவையும் சொன்னாள். கவுண்டர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இனி குப்பாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தாள். இவ்வளவு கேட்ட பிறகும் போகிறவள் என்ன தாய்?

குப்பாயி மாரியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவர்கள் காட்டில் சாமை பொய்த்துவிட்டது.

"போவாம இருக்க முடியாதுங்க ஆத்தா. வெதைக்கு வெச்சிருந்ததையும் தின்னாச்சு."

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினாள். நேராக வந்து சென்னம்மாளின் மடியில் வைத்தாள்.

"அங்க பாக்கறதுக்கு ஆளில்லீன்னு நீங்கதானுங்க சொல்றீங்க. அப்ப நீங்களே வெச்சுக்குங்க. பேரு பாப்பாயிங்க."

சொல்லிவிட்டுப் பலா மரத்தடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கூட்டத்தில் பிள்ளை வைத்திருந்த இன்னும் இரண்டு பெண்கள் சென்னம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. நல்லது சொன்னதற்கு இதுவா? திட்டுவதற்கு ஒரு முகத்தைத் தேடினாள். கோட்டுக்காரர் கண்ணை மூடிக் கிடந்தார், மகன் வேறெங்கோ பார்த்தான், குப்பாயியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தள்ளிவிடவும் கை வரவில்லை. அது அவளை முறைத்துப் பார்த்தது, கொஞ்சம் சிணுங்கியது. ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டுப் போவதற்குள் அவள் தொடையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓவென்று கிளம்பினார்கள். சத்தத்தில் குழந்தைக்குத் தூக்கிப்போட்டது. சென்னம்மாள் அதன் காதைக் கையால் பொத்தினாள்.

"மெதுவா அழுவுங்கடி," என்றாள். "புள்ளை தூங்குது."