நேரத்துக்குக் கிளம்பிய விமானம்

பல் தேய்த்தேன். குளித்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தேன். முந்தைய நாள் சட்டையையே உதறிப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

எந்த விமானம் எவ்வளவு தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ரோகிராம் எழுதுவது என் வேலை. போன வருடத்துப் பதிவுகளை அதற்குள் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் மனைவி இறந்த நாளும் அதில் வரும்.

டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஒரு நாளை மட்டும் தூக்கிடலாமாப்பா? எப்படியும் பனிமூட்டம். மாடலைக் கெடுக்கத்தான் செய்யும்."

"வேண்டாம்க்கா. என் ஃப்ளைட் தாமதமே இல்லன்னுதான் இருக்கு."

"என்னப்பா சொல்ற? மத்தியானம் வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தியே."

"கேட்டை விட்டு சரியான நேரத்துக்கு நகந்துடுச்சு. நாம அதைத்தானே புறப்பாடுன்னு எடுத்துக்கறோம்."

அவர் திரையைப் பார்த்தார்.

"இந்தக் கணக்கைக் கொண்டுபோய் உடைப்புல போட" என்றார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் வேலையாக வெளியூர் போயிருந்த சமயம் அது. மாமியார் போன் செய்து, "டாக்டர் உடனே வரச் சொல்றார் மாப்பிள்ளை" என்றார். அடித்துப் பிடித்து ஏறினேன். கதவை மூடினார்கள். விமானம் நகர்ந்து, ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டது. இறங்க வேண்டிய ஊரில் பனி. அங்கே போய் வானத்தில் வட்டமடிப்பதைவிட இங்கே தரையில் காத்திருப்பதே மேல். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இதையெல்லாம் முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்ல ஒருத்தனும் இல்லையா சார்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்னால் நின்ற விமானங்களின் வால்கள் தெரிந்தன. எதுவும் அசையவில்லை.

போன் வந்தது. மாமியார் என் மனைவியின் காதில் வைத்திருந்தார்.

"எங்க இருக்க?"

"கிளம்பியாச்சு. வரிசையில நிக்குது."

"எப்ப எடுப்பாங்க? நீதான் பெரிய ஜோசியக்காரனாச்சே."

"தெரியல."

சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. நான் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவர்களே சொல்லியும் கொண்டார்கள். இருமல் நின்றதும் அவள் சொன்னது இதுதான்:

"சரி, பக்கத்து பெட் அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கவே மாட்டேங்கறாங்க. நீ வந்து சொல்லு."