ஆறாவது கை

இணையத்தளம் செய்து தருகிறேன், ஆனால் மூன்று திருத்தங்களுக்கு மேல் செய்ய மாட்டேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தேன். கல்முனையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஸலாஹுதீன் ஹாஜியார் அதை வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், வடிவா எழுதியிரிக்கிறீங்க மகள்" என்றார். கடைசியில் செய்தது ஒன்பது திருத்தம்.

இணையத்தளத்தில் பெண்களின் படம் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. சரியென்று வெறும் மண்டபத்தைப் போட்டேன்.

"என்ன புள்ள, மையத்து ஊடு மாதிரிக் கிடக்கு?"

சாவு வீட்டுக் களை போகட்டும் என்று ஆண்களை வரிசையாக நிறுத்திப் போட்டேன். ஊர்க்கூட்டம் மாதிரி இருக்கிறதாம். மருதோன்றி வைத்த கையைப் போட்டேன்.

"ஆர்ட கை எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?"

கடைசியில் சஹன் படம் ஒன்றைப் போட்டேன். பெரிய தட்டு நிறையப் புரியாணி, சுற்றிலும் சாப்பிடும் ஆண்களின் கைகள். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. பிறகு எண்ணத் தொடங்கினார்.

"அஞ்சு கைதானே இரிக்கி? சஹனுக்கு ஆறு பேரெல்லோ! ஒராள் கோவிச்சி எழும்பிப் பெயித்தான் எண்டு நினைப்பாங்க."

"ஓம் ஹாஜி, போடுறன்" என்றேன். கதைத்துப் புரியவைக்க என்னிடம் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து, அபாயா அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு, மத்தியானச் சோற்றில் வைத்த என் வலது கையையே படமெடுத்து, அந்தச் சஹனில் ஒட்டினேன்.

"இதத்தான் புள்ள நான் முதல் நாளே கேட்ட" என்றார் ஹாஜியார்.

தளம் திறந்து இரண்டு மாதமாகிறது. "ஆர்ட கை?" எண்டு இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.