பறக்காத கப்பலுக்கு வந்த விலை

பம்ப் மூன்று தடவை இருமிவிட்டு நின்றபோது அழகமுத்து முப்பத்திரண்டு அடி ஆழத்தில், முழங்கால் அளவு சேற்றில் நின்றிருந்தான். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் வானம், தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றின் ஜன்னல் அளவுதான். அந்த ஜன்னலில் கூடத் தோண்டுகிற பியசேனவின் தலை முளைத்து, "முத்து, எஞ்சின் இவரய்!" என்றது. ஒரு எஞ்சின் செத்துப்போன செய்தியை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல பியசேன ஒருவனால்தான் முடியும். அழகமுத்து தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவனுக்கும் புரியட்டும் என்று சிங்களத்தில் இன்னொன்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

றக்வானைக்குக் கீழே, தேயிலை மலை முடிந்து ஓடை தொடங்குகிற இடத்தில் அந்த மாணிக்கக் குழி இருந்தது. நாலு பேர் எட்டு மாதமாகத் தோண்டுகிறார்கள். அங்கே சம்பளம் என்று ஒன்று கிடையாது. காணிக்காரனுக்கு ஒரு பங்கு, லைசன் எடுத்தவருக்கு ஒரு பங்கு, பம்ப் போட்டவருக்கு ஒரு பங்கு, மிச்சம் தோண்டுகிறவர்களுக்கு. கல் வந்தால் பங்கு, வராவிட்டால் மத்தியானச் சோறும் பிளேன்டீயும். கல் கிடக்கிற சரளை மண்ணுக்கு அங்கே இல்லம என்று பேர். அது எந்த ஆழத்தில் இருக்கும் என்று குழிக்காரர்கள் நீளக் கம்பியைச் சேற்றுக்குள் இறக்கிப் பார்ப்பார்கள். இரண்டு நாளுக்கு முன்னால் அழகமுத்து இறக்கிய கம்பி, அடியில் எதையோ தொட்டு 'கிரீச்' என்று உரசியது. உள்ளங்கையில் அந்த உரசல் இன்னும் இருந்தது. சோறு பிசையும்போதுகூட இருந்தது.

லைசன்காரர் நிலாம் நானா ஸ்கூட்டரில் வந்து, தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு எஞ்சினைக் குனிந்து பார்த்தார். பம்ப்பும் அவருடையதுதான்.

"மௌத்தாகிட்டு முத்து. புளொக் வெடிச்சிருக்கு. இத வெல்டிங் வெச்சும் சரிவராது."

"வேற ஒண்ணு போடுங்க நானா. கம்பி பேசிருச்சு."

"ஏன்ட கையில இப்ப ஒண்டும் இல்ல. யாரு பம்ப் கொண்டுவந்தாலும் பம்ப் பங்கு அவருக்கு, நான் வாய் தொறக்க மாட்டேன். ஆனா மழக் காலம், மூணு நாளுதான். தண்ணி ஏறிச்செண்டா சுவரு உள்ளுக்கு வந்திரும். பொறகு எட்டு மாசத்தையும் மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அன்று சாயந்தரம் லயத்துக்குப் பொதுவான பீலியில், கொட்டுகிற தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே, லயத்தில் யாரிடம் விற்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று அழகமுத்து ஒவ்வொரு காம்பராவாக நினைத்துப் பார்த்தான். ஆறாவது காம்பராவுக்கு வந்ததும் அவன் மனசு ஒரு நிமிஷம் நொண்டியது. அது அவனுடைய மைத்துனன் கஜேந்திரனுடைய காம்பரா. கஜேந்திரனிடம் ஒரு விண்கப்பல் இருந்தது.

விண்கப்பல் என்றால் கம்ப்யூட்டருக்குள். கத்தாரில் ஹோட்டல் செக்யூரிட்டியாக ஆறு வருஷம் நின்ற காலத்தில், கூட இருந்த பிலிப்பீன்காரன் ஒருவன் காட்டிய கேம் அது. ஆகாயம் முழுக்க ஊர்கள், கோள்கள், கப்பல்கள். இதுவரை யாரும் செய்யாத அளவுக்குப் பெரிசாகச் செய்யப் போகிறோம், காசு போடுங்கள் என்று கேட்டார்கள். உலகம் முழுக்க ஆட்கள் போட்டார்கள். கஜேந்திரனும் நாலு மாத ஓவர்டைம் காசைப் போட்டு ஒரு கப்பல் வாங்கினான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கேம் இன்னும் முடியவில்லை. இப்போது அவன் றக்வானை டவுனில் ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். கப்பல் அப்படியே நிற்கிறது.

அழகமுத்துக்கு இந்தக் கதை முதல் நாளே பிடிபட்டுவிட்டது. எஹலியகொடைப் பக்கம் அவன் ஒரு முதலாளியிடம் வேலை செய்திருக்கிறான். பத்தடி தோண்டுவார், பங்கு விற்பார். இன்னும் அஞ்சடிதான் என்பார், இன்னொரு பங்கு விற்பார். குழியை விடப் பங்குதான் ஆழமாகப் போனது. அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் லயமே சிரிக்கிற மாதிரிக் கேட்பான்: "என்ன மாப்ள, கப்பலுக்கு டயர் பூட்டிட்டாங்களா?" பியசேனவுக்குக்கூட விஷயம் போய், கஜேந்திரனை பஸ்ஸில் கண்டாலே கப்பல் வந்துவிட்டதா என்று கேட்பான். கஜேந்திரன் கோபப்பட மாட்டான். "இந்த வருசம் ஒரு கோள்ல ரயில் விட்டுட்டாங்க மச்சான்" என்பான். "நீ கப்பலுக்குத்தானடா காசு குடுத்த, ரயிலுக்கா குடுத்த?" என்று கேட்டால் அதற்கும் சிரிப்பான்.

அப்படிப்பட்டவனுடைய காம்பரா வாசலில் போய் நின்று அழகமுத்து தொண்டையைச் செருமினான். பின்னாலேயே அவன் மனைவி சின்னம்மா வந்துவிட்டாள். தம்பியின் முகத்தையும் புருஷனின் முகத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பை அவள் விடுவதாயில்லை.

"மாப்ள... அந்தக் கப்பல் இருக்குல்ல. அத யாரும் வாங்குவாங்களா?"

கஜேந்திரன் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒரு ஜெர்மன்காரன் போன மாசம் கேட்டான். அந்த மாதிரிக் கப்பல இப்ப விக்கிறதில்ல, அதனால கிராக்கி. ஏன் மச்சான்?"

விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடித்ததும் கஜேந்திரன் ரிப்பேருக்குப் பிரித்து வைத்திருந்த ஃபோனை ஓரமாகத் தள்ளினான். பிறகு கேட்டான்.

"இல்லம இருக்குன்னு நிச்சயமா தெரியுமா?"

"கம்பி பேசுச்சு."

"யாரு கேட்டா?"

"நான்தான்."

"வேற யாரு?"

"வேற யாரு கேக்குறது? கம்பி என் கையிலதான இருந்துச்சு!"

"எப்ப வரும்?"

"இன்னும்... ஆறடி."

சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து எஹலியகொடை முதலாளி பேசுகிற மாதிரி இருந்தது அழகமுத்துக்கு. கஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "சரி மச்சான், வித்துருவோம்" என்றான். இவ்வளவு லேசாகச் சொன்னது அழகமுத்துவை என்னவோ செய்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் ஜெர்மன்காரன் லைனில் வந்தான். விற்பனை என்றால் நான் பக்கத்தில் இருக்கணும், இது எங்க தொழில் என்று அழகமுத்து சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரில் அந்த மனுஷன் மரியாதையாக ஒரு விலை சொன்னான். கஜேந்திரனின் கண் விரிந்தது. பழைய பம்ப் இல்லை, புதுப் பம்ப்பே வாங்கலாம். அவன் 'ஓகே' சொல்ல வாயைத் திறப்பதற்குள் அழகமுத்து ஃபோனைப் பறித்து, சிவப்புப் பட்டனை அமுக்கி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"நடடா."

"எங்க?"

"பீலி மட்டும். திரும்பிப் பாக்காத."

கல் விற்கிற தெருவில் முதல் விலைக்கு யாரும் கல்லைக் கொடுப்பதில்லை. விலையைக் கேட்டதும் கல்லைத் தாளில் மடித்துப் பைக்குள் போட்டு நடக்கத் தொடங்க வேண்டும். தேநீர்க்கடையைத் தாண்டுவதற்குள் வாங்குகிறவன் பின்னால் ஓடிவருவான். இருபது வருஷத்தில் இது தப்பியதே இல்லை. இரண்டு பேரும் பீலிவரை நடந்தார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் நடந்தார்கள். சட்டைப்பை சத்தமே போடவில்லை.

"மச்சான்," என்றான் கஜேந்திரன் மெதுவாக, "அவன் ஜெர்மனியில இருக்கான். நாம நடந்து போறது அவனுக்கு எப்புடித் தெரியும்?"

அழகமுத்து சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினான். கஜேந்திரன் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டான். கூப்பிட்டும் பார்த்தான். ஜெர்மன்காரனுடைய ஃபோன் அணைந்து கிடந்தது. "ரெண்டு பைத்தியத்தையும் ஒரே குழியில போட்டு மூடுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

காத்திருக்கிற நேரத்தில் கஜேந்திரன் கம்ப்யூட்டரைப் போட்டான். "விக்கிறதுக்கு முன்னுக்கு ஒருக்கா பாத்துருங்க." பெரிய கொட்டகை ஒன்றின் நடுவில் கப்பல் நின்றது. மஞ்சள் நிறம், பக்கமெல்லாம் அழுக்கு, முன்னால் நண்டு மாதிரி இரண்டு கை. சுற்றி நடக்கலாம், ஏறி உட்காரலாம், பறக்க மட்டும் இன்னும் விடவில்லை. அழகமுத்து பளபளவென்று ஒன்றை எதிர்பார்த்திருந்தான். இது மண் தள்ளுகிற டோசர் மாதிரி இருந்தது.

"இது என்னடா கையி?"

"பாறைய ஒடைக்கிறது. இது கல்லு வெட்டுற கப்பல் மச்சான்."

"ஆகாசத்துக்குப் போயும் கல்லு வெட்டவா?"

"வேற கப்பலும் இருந்துச்சு. சண்டக் கப்பல், சொகுசுக் கப்பல். எனக்கு இதுதான் வெளங்குச்சு."

அழகமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் குனிந்தான். "தண்ணி எறைக்கிறது எது?" என்று கேட்டான். ஆகாயத்தில் தண்ணீர் ஊறாது என்று கஜேந்திரன் சொன்னதும், அழகமுத்துவின் முகத்தில் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் பொறாமை தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் குழிக்குள் இடுப்பளவு தண்ணீர். நிலாம் நானா உட்பட எல்லோரும் வாளியோடு வந்தார்கள். கஜேந்திரன் கடைக்கு லீவு போட்டுவிட்டு பியசேனவோடு கயிற்று உருளையைப் பிடித்தான். அழகமுத்து கீழே நின்று வாளி நிரப்பினான். ஃபோன் நனையக் கூடாது என்று ஷொப்பிங் பேக்கில் சுற்றிச் சின்னம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். பெண்கள் குழிக்குப் பக்கத்தில் வரக் கூடாது, வந்தால் கல் ஒளிந்துகொள்ளும் என்பது அங்கே கட்டுப்பாடு. ஆகவே அவள் மேலே தேயிலை வரிசையின் ஓரத்தில் நின்று, போகிற வருகிற எல்லா வாளியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ஃபோன் அடித்தது. கீழே இருந்த அழகமுத்துக்கே கேட்டது.

"வெள்ளக்காரன்!" என்று சின்னம்மா கத்தினாள். "தம்பி, ஓடியா!"

நிறைந்த வாளி பாதிக் கயிற்றில் தொங்கியது. கையை விட்டால் அது நேராக அழகமுத்துவின் தலையில்தான் இறங்கும். கஜேந்திரன் அசைய முடியாமல் நின்றான்.

"எடுக்காத!" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூணு தடவ அடிக்கட்டும்! நம்ம கப்பல் சும்மா இல்ல!"

"இன்னுமா மச்சான்!" என்றான் கஜேந்திரன். பியசேனவுக்குச் சிரிப்பு வந்து உருளை ஆடியது.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. தண்ணீர் அழகமுத்துவின் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது. எடுக்காதே என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவன் நினைக்கிற நேரத்தில் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அது முடிவுவரை அடிக்கவில்லை, நடுவிலேயே நின்றது. அவன் வெட்டிவிட்டானா, இவள் எடுத்துவிட்டாளா?

அண்ணாந்து பார்த்தான். ஜன்னல் அளவு வானத்தின் நடுவில், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் வாளி அந்தரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில், எட்டு மாதத்தில் எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்காத குழி வாயில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னம்மாவின் முகம். காதில் ஷொப்பிங் பேக்கோடு சேர்த்து ஃபோன். நிலாம் நானா தொப்பியைச் சரிசெய்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹலோ... வெயிட், வெயிட்," என்றாள் அவள் ஃபோனில். பிறகு கீழே குனிந்தாள். "ஏங்க, எவ்வளவுன்னு சொல்லட்டும்?"

வாளியின் அடியிலிருந்து ஒரு சொட்டு கழன்று, மிச்ச ஆழத்தையும் நிதானமாகத் தாண்டி, அழகமுத்துவின் நெற்றியில் விழுந்தது.