சினிமாவுக்காக அழுக்கான வீடு

எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் கிர்ஸ்டன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன்; அப்போதுதான் காலை டிரிப்பை முடித்து வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தேன். போலீஸ்காரன் ஒருவன் சுட்டுக் கொன்ற ஒரு கறுப்பினப் பையனின் கதை என்றாள். அவனுடைய அம்மா குடியிருக்கும் வீடாக எங்கள் வீடு வேண்டுமாம்.

"ரொம்ப முக்கியமான படம், மிஸ்டர் மேப்ரி. நாடே பார்க்க வேண்டிய படம்."

என் மனைவி லவோண்டா ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். மாலையில் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் சாகிறானா?" என்று கேட்டாள்.

"சாகிறான்."

"நம்ம பசங்க சாகலேன்னா அவங்களுக்குப் படம் எடுக்கவே வராதா, க்ளியான்?"

இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வீடு. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, வாசலில் கொத்துக் கொத்தாக நீலப் பூக்கள். அதைத் திரையில் பார்க்க அவளுக்கு ஆசை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

படப்பிடிப்பு நடந்த வாரம் எங்களை ஹோட்டலில் தங்க வைத்தார்கள். இரண்டாம் நாள், ரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று எடுக்கப் போனோம். லவோண்டா எங்கள் வீட்டைத் தாண்டி நடந்து போய்விட்டாள். நான்தான் கூப்பிட்டேன்.

சுவரெல்லாம் மழைக்கறை போலப் பழுப்பாக வழிந்திருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி அடித்திருந்தார்கள். பூச்செடிகளைப் பெயர்த்து எங்கோ வைத்துவிட்டு, அந்த இடத்தில் களையை நட்டிருந்தார்கள். களையைப் போய் யாராவது நடுவார்களா? நட்டிருந்தார்கள். முன்வாசலில் பஞ்சு பிதுங்கிய ஒரு சோபா, புல்தரையில் ஒரு துருப்பிடித்த வாஷிங் மெஷின். உள்ளே லவோண்டாவின் புத்தக அலமாரியைக் காணோம்.

எங்களைப் போலவே கறுப்பினப் பெண் ஒருத்தி ஏணியில் நின்று கதவின் மேல் பழுப்பு நீரைத் தெளித்துக்கொண்டிருந்தாள். பெயர் டெனிஷா. படத்துக்கு செட் போடும் வேலை பார்ப்பவள்.

"தண்ணி ஊத்தினா போயிடும், மேம். வெள்ளிக்கிழமை கழுவிக் குடுத்துடுவோம்," என்றாள்.

"உங்க அம்மா வீடு எப்படிம்மா இருக்கும்?" என்று லவோண்டா கேட்டாள்.

டெனிஷா தெளிப்பதை நிறுத்தினாள். "எங்கம்மா ஷூவோட யாரையும் உள்ள விட மாட்டாங்க."

"அப்புறம் இது என்ன?"

"பேப்பர்ல எழுதியிருக்கிறதைத்தான் செய்றேன், மேம். போன படத்துக்கும் இதே சோபாவைத்தான் போட்டோம்."

எங்கள் குரல் கேட்டு இயக்குநர் வந்தார். கிரஹாம் எல்லரி. தாடி வைத்த வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுபவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லவோண்டா பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"மிஸ் லவோண்டா, அந்தம்மா எவ்வளவு போராடி வாழ்றாங்கன்னு பார்க்கிறவங்களுக்கு முதல் ஷாட்லயே தெரியணும், இல்லையா?"

"அந்தம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

"நர்ஸ்."

"நானும் நர்ஸ்தான். எந்த நர்ஸ் வீட்டு வாசல்ல வாஷிங் மெஷின் கிடக்குது?"

அவர் சிரிக்க முயன்றார்.

"சுத்தமான வீட்டுப் பையன் செத்தா ஜனங்க அழ மாட்டாங்களா, சார்?"

"அப்படியில்ல..."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. போன தேங்க்ஸ்கிவிங் பண்டிகை லீவுக்கு எங்க பையன் ஜூலியன், அவன் வேலை பாக்குற சார்லட்லேருந்து வந்தான். இதோ இங்க, கார்லேருந்து பையை இறக்கிட்டிருந்தான். போலீஸ் வந்து நின்னுச்சு. இந்த வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. என் பையன், அக்கவுன்டன்ட், முப்பத்தோரு வயசு, அவனை ரோட்டோரத்துல உக்கார வச்சாங்க. நாற்பது நிமிஷம். இவர் உள்ள போய் குடும்ப போட்டோவையெல்லாம் எடுத்துட்டு வந்து காட்டினப்புறம்தான் விட்டாங்க. போறப்ப அந்தப் போலீஸ்காரர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. 'தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வீடு இவ்வளவு நல்லா இருந்துச்சா, அதான் சந்தேகம் வந்துச்சு'ன்னாரு. இதை எடுங்களேன் படமா."

எல்லரியின் கண் கலங்கிவிட்டது. சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். லவோண்டாவின் கையைப் பிடித்து, "இதைச் சொன்னதுக்கு நன்றி," என்றார்.

நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்குப் பேருந்தை எடுக்க வேண்டும். தவிர, இப்படிக் கலங்கிய கண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஹோட்டல் அறைக்குப் பெரிய பழக்கூடை வந்தது. சோபாவை ஓரமாக நகர்த்திவிட்டதாக கிர்ஸ்டன் போனில் சொன்னாள்.

சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பினோம். சுவரைக் கழுவித்தான் இருந்தார்கள். ஆனால் ஜன்னலோரம் பழுப்பு நிறம் லேசாகத் தங்கிவிட்டது. அதன்மேல் நான் இரண்டு முறை வெள்ளை அடித்தேன்.

அடுத்த வசந்தத்தில் படம் வந்தது. ஒரு மதியக் காட்சிக்குப் போனோம். அரங்கு நிறைந்திருந்தது, பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். முதல் ஷாட்டே எங்கள் வீடுதான். சோபா நட்டநடுவில் இருந்தது. ஜூலியனுக்கு நடந்தது எங்கேயாவது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கடைசியில், சுட்டவனோடு வேலை பார்த்த நல்ல போலீஸ்காரன் ஒருவன் கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த சோபாவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அரங்கு முழுக்க மூக்கைச் சிந்தும் சத்தம். விளக்கு எரிந்ததும் எல்லோரும் நல்ல மழையில் நனைந்துவிட்டு வந்தவர்கள் போல முகம் தெளிந்து எழுந்தார்கள்.

காரில் ஏறியதும் லவோண்டா, "பசிக்குது," என்றாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட ஒன்பது வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். கையில் ஏணி, பிரஷ், பெயின்ட் வாளி. வடக்குப் புறநகரில் இருக்கும் ஏதோ சர்ச்சைச் சேர்ந்தவர்கள். படம் பார்த்துவிட்டு, இணையத்தில் தேடி விலாசம் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் வீட்டைச் சீர்படுத்திக் கொடுக்க.

லவோண்டா இரவு ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் காரை நிறுத்தியிருந்தாள். அவர்களின் தலைவி, பார்ப் என்று பெயர் சொன்ன ஓர் அம்மாள், வெள்ளைச் சுவரையும் பூக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதானா அந்த வீடு?"

"இதுதான்."

"ஐயோ, எங்களுக்கு முன்னாலயே யாரோ வந்து சரி பண்ணிட்டாங்களா?"

"ஆமா. நாங்கதான். இருபத்தேழு வருஷமா."

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்து அழத் தொடங்கிவிட்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த என் மனைவி, அவள் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"படத்துல காட்டினது உண்மைதானே? அப்படி நடக்கத்தானே செய்யுது?" என்று பார்ப் விம்மினாள்.

"பையன் செத்தது உண்மைதாம்மா. சோபாதான் பொய்."

"நாங்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க. எதுன்னாலும் பண்றோம்."

லவோண்டா யோசித்தாள். "உங்க தெருவுல எங்க ஆளு ஒருத்தன் கார்லேருந்து பையை இறக்கினான்னா, போலீஸுக்குப் போன் பண்ணாதீங்க. அவ்வளவு போதும்."

பின்னால் நின்ற ஒருத்தி வேனுக்குத் திரும்பினாள்.

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க," என்றாள் பார்ப், கண்ணைத் துடைத்தபடி.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு லவோண்டா உள்ளே போய்விட்டாள்.

ஏணியை வேன் மேல் கட்ட நான்தான் உதவினேன். வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார். முடிச்சுப் போடும்போது தணிந்த குரலில், "உங்க பையன் போனதுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்," என்றார்.

"எங்க பையன் உயிரோடதான் இருக்கான், சார். சார்லட்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அப்படியா! அப்பாடா," என்று சிரித்து என் கையைக் குலுக்கிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

நான் உள்ளே போனபோது லவோண்டா நர்ஸ் உடுப்போடு கட்டிலில் குறுக்காகப் படுத்திருந்தாள். போர்வையை இழுத்துவிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"குடிக்கத் தண்ணி ஏதாவது குடுத்தியா?"

"இல்ல."

"வெயில் ஏறிடுச்சே. குடுத்திருக்கலாம்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.