இடது கால்

அலுவலகத்தில் என் பட்டப்பெயர் கத்தரி. சலவை இயந்திரம் வாங்கியவர்கள் போனில் புலம்பினால், அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் "சரி, ஆள் வருவாங்க" என்று வெட்டிவிடுவேன். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஒரு நாளைக்கு எண்பது பேர் கூப்பிடுகிறார்கள்; எல்லாருக்கும் காது கொடுத்தால் எனக்குக் காது மிஞ்சாது.

நாங்கள் மாடியில், பழுது பார்ப்பவர்கள் கீழே. புகாரைச் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் கூடையில் போட்டு, ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்குவோம். கீழே தலைமை மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் எடுத்துக்கொள்வார். ஆறு வருடமாக இரண்டு தளத்துக்கும் இவ்வளவுதான் பேச்சுவார்த்தை. மாடிக்காரர்களுக்கு எழுதத் தெரியாது என்பது அவர்கள் கட்சி. கீழே இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எங்கள் கட்சி.

புது மேலாளர் வந்தார். வாடிக்கையாளர் நம் சொந்தக்காரர் மாதிரி என்றார். இனி போனை எடுத்ததும் மெஷின் பேச்சு கூடாது. முதல் இரண்டு நிமிடம் நலம் விசாரித்து, அதை ரோஸ் சீட்டில் எழுத வேண்டும். மெஷினின் கோளாறுக்கு வெள்ளைச் சீட்டு. என்மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருந்ததால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது வந்தால் வீட்டோடு இருந்துவிடலாம் என்றும் அன்பாகச் சொன்னார். எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான்.

மறுநாள் முதல் போன் ஒரு டீச்சரம்மாவிடமிருந்து. குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"இடது கால் ஆடுதும்மா. பத்து வருஷமா ஒரு தொல்லையும் இல்ல, இப்ப வெயிட்டே தாங்க மாட்டேங்குது. நேத்து போய் சுவத்துல முட்டிக்கிச்சு. பேசாம மாத்திடலாமான்னு பாக்குறேன்."

எனக்குப் பகீரென்றது. மாற்றுகிற அளவுக்கு அவசரப்பட வேண்டாம், எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்றேன். "வெந்நீரா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, கம்பெனியே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார். மெஷினைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. வெள்ளைச் சீட்டு எழுதவில்லை. ரோஸ் சீட்டில் மட்டும், 'டீச்சருக்கு இடது கால் ஆடுகிறது, மாற்றும் யோசனையில் இருக்கிறார்' என்று எழுதினேன்.

மேலாளர் அதைப் படித்து உருகிப்போனார். அன்று சாயங்காலமே ஓர் ஊன்றுகோல் வாங்கிக்கொண்டு, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று என்னையும் வேனில் ஏற்றினார். சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்பேனர் அண்ணன் ஓட்டினார்.

டீச்சரம்மா இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து கதவைத் திறந்தார். உடற்பயிற்சி டீச்சராம். ஊன்றுகோலைப் பார்த்து, உங்களில் யாருக்கு முடியவில்லை என்று அக்கறையாகக் கேட்டார். அதற்குள் உள்ளே தடதடவென்று சத்தம். நான்கு காலிலும் எண்ணெய் பளபளக்க, ஒயர் விட்ட தூரம்வரை வழுக்கிக்கொண்டு சலவை இயந்திரம் எங்களை வரவேற்க வந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே நீவி விட்டேம்மா. வெந்நீர் ஒத்தடமும் குடுத்தேன். அதுக்கப்புறம் ஓட்டம்தான் ஜாஸ்தியாயிருக்கு" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூன்றாவது புகார் கண்முன்னே குலுங்கிக்கொண்டு நின்றது.

ஸ்பேனர் அண்ணன் போய் ஸ்விட்சை அணைத்தார். "என் தப்பும் இருக்கு சார். சீட்டு எனக்கும் வந்துச்சு. யாரு கால்னு மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆறு வருஷமா நாங்க ஒருத்தரையொருத்தர் எதுவுமே கேட்டதில்ல" என்றார்.

எனக்காக ஒருவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அவர் ஊன்றுகோலின் அடியிலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, மெஷினின் இடது காலில் மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. நான் மெஷினைப் பிடித்துக்கொண்டேன். மேலாளர் தரையைத் துடைத்தார். டீச்சரம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். புகாரா, வாய்ப்பே இல்லை, என் சொந்தக்காரர்கள்கூட இப்படி வந்து பார்த்ததில்லை என்றார்.

மறுநாள் காலை கூடையை இறக்கினேன். யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பேனர் அண்ணன் சீட்டோடு மாடிப்படி ஏறி வந்தார்.

"கை உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. யாரு கை?"

"மெஷின் கதவோட கைப்பிடிண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்தேன். பதினெட்டுப் படிக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். நேற்று வேலை போகிற பயத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. ஆறு வருடமாகக் கூடை இறக்கியதில், கீழே எடுப்பவருக்குக் கால் இருக்கிறதா என்றே நான் யோசித்ததில்லை.

போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டு, என் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கண்ணே. இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.