பெரட்டு என்றுதான் பாடினாள்

1.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பஸ்ஸில் தானாக வந்து மாட்டியது. டிரைவர் ஒரு பாட்டைப் போட்டிருந்தார். இரண்டு மாதமாக ஊரில் எல்லாருடைய போனிலும் ஓடுகிற பாட்டு. பக்கத்து இருக்கையில் தையல் பையை மடியில் வைத்திருந்த பெண், யாரிடமும் பேசாதவள் போல, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“கொரலு என்னோடதுதான். ஆனா நான் அப்படிப் பாடல.”

அவள் இறங்கும்வரை கேட்டுக்கொண்டே போனேன். நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது.

2.

தொடக்கம் ஒன்று: பனி மூடிய பதுளை நகரின் இனிய காலைப்பொழுதில், விதுஷா என்னும் இளம்பெண் தன் கனவுகளைச் சுமந்தபடி

வேண்டாம். இலங்கை மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பனியை எழுதிவிடுகிறது. அன்று பதுளையில் நல்ல வெயில். பஸ்ஸுக்குள் வேர்த்துக் கொட்டியது.

தொடக்கம் இரண்டு: தொழில்நுட்பமானது இன்று நம் உடையிலும் இசையிலும்

இது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த விதுஷாவுக்கு இருபத்தாறு வயது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் வளர்ந்தவள். பதுளையில் சண்முகராஜா முதலாளியின் புடவைக் கடையில் தைக்கிறாள். தாய் வேலாயி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். தேயிலைச் செடி உடம்பைக் கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணிக்குப் படங்கு என்று பெயர். வேலாயி அதை முன்பக்கம் இரண்டாக மடித்து, இடது இடுப்பில் ஒரு செருகு செருகுவாள். மலையில் ஏறினாலும் இறங்கினாலும் அவிழாது. ஒரு நாள் விதுஷா அந்த மடிப்பையே மிச்சத் துணியில் பாவாடையாக வெட்டினாள். கட்டிக்கொண்டு வெளியே வந்ததும் கடையே திரும்பிப் பார்த்தது.

கடையின் இணையப் பக்கம் முதலாளியின் மருமகள் துவாரகாவின் கையில். அவள் பாவாடையைப் படமெடுத்து ஒரு செயலிக்குள் போட்டாள். செயலி அதை ஒரு பெண்ணுக்கு உடுத்தி நடக்கவிட்டது. அந்தப் பெண் உலகத்தில் எங்குமே பிறக்காதவள். பிறக்காவிட்டாலும் வெள்ளை வெளேரென்று இருந்தாள். நடைக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. விதுஷா தாயைப் பற்றித் தானே கட்டி வைத்திருந்த நாலு வரியை, உடை மாற்றும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் பாடிக் கொடுத்தாள்:

பனி நனைச்ச படங்கு கட்டி
பாதையில எறங்குற அம்மா
பெரட்டுல ஒன் பேர் கூப்பிட்டா
மலை திரும்பிப் பாக்குதம்மா

(பனியை நான் சேர்க்கவில்லை. அது அவளுடையது.)

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். இன்னொரு செயலி அவள் பாட்டைக் கேட்டது, வரிகளை எழுத்தாக்கியது, மேளம் சேர்த்தது, பிறகு அவளுடைய குரலிலேயே, அவள் இல்லாமலே, மறுபடி பாடியது. எழுத்தாக்கியபோதுதான் பிசகியது. பெரட்டு என்ற சொல் அதற்குத் தெரியவில்லை. தெரிந்த சொல்லைப் போட்டுக்கொண்டது: புரட்டு.

துவாரகா பதுளை டவுனில் கடைக்காரர் வீட்டில் பிறந்து, இன்னொரு கடைக்காரர் வீட்டுக்கு வந்தவள். பெரட்டில் நின்றவளில்லை. அவள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

4.

நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பெரகலயிலிருந்தும் கொஸ்லந்தயிலிருந்தும் கடைக்கு வந்து, ‘புரட்டுப் பாவாடை’ இருக்கிறதா என்று கேட்டார்கள்.

தோட்டத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. தினமும் நாங்கள் போய் நிற்கிற இடத்தைப் பித்தலாட்டம் என்று பாடிவிட்டாளே என்று ஒரு கட்சிக்குக் கோபம். மறு கட்சிக்குப் பெருமை. தொழிற்சங்கத்துத் துஷாந்த் வீடு தேடி வந்து, தோட்டத்து உண்மையை ஒரே சொல்லில் போட்டு உடைத்தாய் தங்கச்சி என்று பாராட்டிவிட்டுப் போனார். திட்டியவர்களைவிட அந்தப் பாராட்டுத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது. வேலாயி சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்:

“எம் பேரையா புரட்டுல கூப்பிடுறாங்க?”

(இங்கே ஓர் ஒப்புதல். எனக்கும் புரட்டுதான் பிடித்திருந்தது. யாராவது கவிஞர் தெரிந்தே எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். பஸ்ஸில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளிடமே அதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, “நல்லா இருக்கலாங்க சார். நான் சொல்லலயே” என்றாள். வெட்கமாகப் போய்விட்டது.)

5.

முதல் பிரதியில் துவாரகாவை வில்லியாக்கியிருந்தேன். கூலிங் கிளாஸ்கூட மாட்டிவிட்டிருந்தேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விதுஷா நிபந்தனை போட்டிருந்தாள்: கதை எழுதினால் எனக்கு அனுப்புங்கள், என்னைக் கேட்காமல் ஒரு சொல்லும் மாற்றாதீர்கள். அனுப்பினேன். பதில் குரல் பதிவாக வந்தது. பாவாடைக்கு என் பெயரையே வைக்கலாம் என்று சொன்னவர் அந்த அக்காதான், அவரைக் கெட்டவராக எழுத வேண்டாம் என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

நடந்தது இதுதான். சொல்லைத் திருத்தச் சொன்னாள் விதுஷா. புதிதாக ஏற்றினால் நாற்பதாயிரமும் பூஜ்யமாகிவிடும் என்று துவாரகா தயங்கினாள். வருகிற சனிக்கிழமை கடையின் மேல்மாடி திறப்பு. பெரிய திரையில் அந்தப் படம் ஓடும். விதுஷா அதே பாவாடையில் மைக்கோடு முன்னால் நின்று பாட்டுக்கு வாயசைத்தால் போதும். அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள் துவாரகா.

“வாய் மட்டும் தனியா வராதுங்கக்கா. நான் வந்தா கொரலும் வரும்.”

அடம் பிடித்தால் வேறு பெண்ணை நிறுத்துங்கள், பாவாடையும் புரட்டு என்ற பெயரிலேயே விற்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சனிக்கிழமை நானே நிற்கிறேன் என்றுவிட்டு விதுஷா பாவாடைக்குப் பட்டி தைத்து முடித்தாள். சனிக்கிழமைக்கு லீவு போடும்படி தாய்க்கு அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

6.

முடிவு அ: சரியாக மூன்றாவது வரியில் கரண்ட் நின்றுவிடுகிறது. அந்த அமைதியில் விதுஷா தன் குரலில் பாட, கூடியிருந்தவர்களின் கண்களில்

முடிவு ஆ: அவள் வாயசைக்கிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். வேலாயி மட்டும்

முடிவு இ: துவாரகா மனம் மாறி, தானே பாட்டை நிறுத்துகிறாள்.

மூன்றையும் விதுஷாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

“இன்னும் சனிக்கிழமையே வரலீங்களே சார். அதென்ன, கரண்ட் நின்னாத்தான் நான் பாடுவேனா?”

மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் வாயில் சொல்லைப் போடுகிற வேலையை ஏற்கெனவே ஓர் இயந்திரம் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு நான் கூட்டுச் சேர வேண்டியதில்லை.

7.

இதைத் தட்டும்போது என் போனும் பெரட்டைப் புரட்டாக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முன்பு எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

சற்று முன் விதுஷாவிடமிருந்து இன்னொரு குரல் பதிவு. மேளம் இல்லை. பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது, யாரோ இருமுகிறார்கள். நாலு வரியையும் பாடியிருக்கிறாள். மூன்றாவது வரியின் முதல் சொல்லை, வேலாயி படங்கைச் செருகுவது போல, இறுக்கிப் பிடித்துப் பாடியிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் என் போன் கேட்டது: இதை எழுத்தாக மாற்றவா? வேண்டாம் என்று அழுத்தினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு. நானும் போகிறேன். முடிவு என்னிடம் இல்லை. மைக் அவள் கையில்தான் இருக்கும். அதுவரை நீங்கள் அந்த மூன்றாவது வரியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொல்லுங்கள். வேலாயி முன்வரிசையில் இருப்பாள்.