ஒரு சாண் வானம்

"ஏ புள்ள, கூரையில ஓட்டைய வச்சு எவனாச்சும் வீடு கட்டுவானா?"

மதீனா மாமி எங்கள் கூடாரத்துக்குள் கால் வைத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. புதிய ஆட்களிடம் எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

அந்தக் கூடாரம் கசகஸ்தானிலிருந்து வந்தது. அப்பாவுக்கு வேலை கொடுத்த அரபி, ராஜாளிகளோடு வேட்டைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, கப்பலில் வரவழைத்து, அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலை உயரத்தில் நிறுத்தினார். வட்டமான மரச்சட்டம், அதன்மேல் விரல் தடிமனில் கம்பளி, உச்சியில் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கம்பளி மூடி. வெளியே தொங்கும் கயிற்றை இழுத்துக் கட்டினால் மூடிக்கொள்ளும், தளர்த்தினால் திறக்கும்.

அரபி எப்போதாவதுதான் வருவார். மற்றபடி வருஷம் முழுவதும் அதில் குடியிருந்தது நாங்கள்தான். அப்பா கார்மேகம் ஆடுகளையும் கூடாரத்தையும் பார்த்துக்கொண்டார். விருந்தாளிகள் வந்தால் அம்மா சமைப்பாள். கரண்ட் கிடையாது. தண்ணீர் டேங்கரில் வரும். போனில் சிக்னல் கிடைக்க ஆட்டுப்பட்டிக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும். அஜ்மானில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த என்னை, இங்கே வந்தபோது நிறுத்திவிட்டார்கள்.

கீழே எல்லோரும் வெந்துபோகும் மாதங்களில் அந்த மலை சுகமாக இருக்கும். ஆனால் ஜனவரியில், காலையில் வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடிபோல ஏடு கட்டியிருக்கும். அப்படி ஒரு ஜனவரியில்தான் கீழே ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அம்மாவைக் கவனித்துக்கொள்ள அப்பா மதீனா மாமியை அழைத்துவந்தார். மாமிக்குக் கீழக்கரை. டவுனில் ஓர் அரபி வீட்டில் சமையல் வேலை. தமிழ்ப் பெண்களில் யார் பிள்ளை பெற்றாலும் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்.

வந்த அன்றே பழைய துணிகளைக் கிழித்து, கதவிடுக்கிலும் கம்பளி தரையைத் தொடும் இடத்திலும் திணித்தார்.

"பச்ச உடம்புக்காரிக்குக் காத்து ஆகாது கார்மேகம். புள்ளைக்குச் சன்னி கண்டுரும். மேல இருக்குறதயும் மூடு."

"அடுப்போட பொகக் குழா அதுவழியாத்தானக்கா போகுது."

"குழாக்கு மட்டும் விட்டுட்டு மூடு. எத்தன புள்ள பாத்திருக்கேன், எனக்கே சொல்லித் தாரியா?"

அப்பா பாதி மூடினார். யாரையும் எதிர்த்துப் பேச அப்பாவுக்கும் வராது.

பிறகு ஒருநாள் விடியும்போது வீசிய காற்று அடுப்புக் குழாயைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தது. குழாய் இல்லாமல் அடுப்பு மூட்ட முடியாது. புதுக் குழாய் வாங்க அப்பா பிக்கப்பை எடுத்தார். "அகிலா, மாமி சொல்றபடி கேட்டுக்க" என்று சத்தமாகச் சொன்னார். வண்டியில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "மேல ஒரு சாணாவது தெறந்தே இருக்கட்டும்மா" என்றார் மெதுவாக.

ஏன் என்று எனக்குத் தெரியும். போன குளிரில், ராஜாளிகளுக்குத் தீனியாக வைத்திருந்த காடைகள் விறைத்துவிடும் என்று அப்பா கூண்டைச் சாமான் கூடாரத்தில் வைத்தார். பக்கத்தில் ஒரு சட்டி கரித்தணல் வைத்து இறுக்கமாக மூடினார். காலையில் ஒன்றுகூட எழவில்லை. காயம் இல்லை, ரத்தம் இல்லை. தூங்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அன்றிலிருந்து எங்கே நெருப்பு இருந்தாலும் அப்பா முதலில் மேலேதான் பார்ப்பார்.

மதியம் வானம் கறுத்தது. மாமி தம்பியைக் குளிப்பாட்டினார். பெரிய சட்டி நிறையக் கரியை வெளியே வைத்து ஊதி, கனிந்ததும் உள்ளே கொண்டுவந்து சாம்பிராணி போட்டார். பிறகு வெளியே போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார். மேலே தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

"மாமி, மேல..."

"மேல என்ன? மேல அல்லா இருக்கான்."

அம்மா படுத்தபடியே சிரித்தாள்.

"இல்ல மாமி, காடை..."

"காடையா? ஆத்தாளுக்குக் காடை சூப்பா? வாயத் தெறந்து முழுசாச் சொல்லு புள்ள. இப்புடி முழுங்கி முழுங்கிப் பேசுனதுக்குத்தான் பள்ளிக்கூடத்துல வேணாம்னுட்டாங்களா?"

"அவளுக்கு ஒண்ணு சொல்லணும்னா ஒரு வாரம் ஆகும்க்கா" என்றாள் அம்மா.

தம்பியின் மரத்தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பளியின்மேல் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. உள்ளே கதகதப்பாக, வாசனையாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி சுகமாக இருந்தது. தம்பியின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தேன். குளித்ததும் கத்துகிறவன் அன்று கத்தவில்லை. மாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தல கனக்குது, செத்த சாயுறேன்" என்று பாயில் சரிந்தார்.

"அம்மா" என்றேன். பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறக்காமல் என் கையைத் தள்ளினாள். எழுந்தபோது எனக்கே கால் பின்னியது. தம்பியின் வயிறு அசைகிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியே ஓடினேன். கயிற்று முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் பெயர்ந்ததே தவிர அவிழவில்லை. ஆட்டுப்பட்டியில் செருகியிருந்த கத்தியை எடுத்து அறுத்தேன். காற்று மூடியை அப்படியே தூக்கி மலைச்சரிவில் வீசியது. அரபியின் கூடாரம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஆலங்கட்டி கொட்டியது, தொட்டிலின் மேலும். கந்தல் துணியைச் சுற்றிச் சட்டியை வாசலுக்கு இழுத்து வெளியே கவிழ்த்தேன். தம்பியை வாரிக்கொண்டு கதவருகே நின்றேன்.

"பாவி, புள்ள மேல ஐஸ் கொட்டுதே! என்னடி செஞ்ச?" அம்மா தவழ்ந்து வந்து அவனைப் பிடுங்கினாள். கத்துகிறாளே என்று நிம்மதியாக இருந்தது. மாமி எழுந்து, வாசலில் முட்டி போட்டு வாந்தி எடுத்தார்.

தம்பி மட்டும் சத்தமில்லாமல் கிடந்தான். அம்மா அவன் பாதத்தைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். அதன்பிறகு, பூனைக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம். அப்புறம் பெரிய அழுகை.

பொழுது சாயும்போது அப்பா குழாயோடு வந்தார். "கயித்த யாரு அறுத்தது?" என்றார்.

"உங்க மகதான். பச்சப்புள்ளைக்குச் சளி புடிச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்று அம்மா அழுதாள்.

அப்பா வாசலில் கவிழ்ந்து கிடந்த சட்டியைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். மாமி தலையைத் துணியால் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார்.

அப்பா குழாயை மாட்டி அடுப்பை மூட்டினார். மூடிக்குப் பதிலாகத் தார்ப்பாயைக் கட்டினார், ஒரு சாண் விட்டு.

காலையில் தம்பி இரண்டு தடவை தும்மினான். ஒவ்வொரு தும்மலுக்கும் அம்மா என்னைப் பார்த்தாள்.

மாமி புர்கா போட்டுப் பையை எடுத்துக்கொண்டார். நாற்பது நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவர். அப்பா "என்னக்கா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மாமி தொட்டிலருகே குனிந்து தம்பியின் வயிற்றையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே தெரிந்த ஒரு சாண் வானத்தைப் பார்த்தார். தார்ப்பாயைத் தொடவில்லை. தொட்டிலை மட்டும் மெதுவாக இழுத்து, காற்று இறங்காத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

என்னைத் தாண்டும்போது அவர் நிற்பார் என்று நினைத்தேன். சொல்வதற்கு நானும் ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். மாமி பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.